பத்துப் பிள்ளைகள், ஐந்து நாட்கள்: கோடை ஓவிய முகாம் குறித்த கேள்வி பதில்

விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் ஓவிய முகாம் நடத்த விரும்பும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஓவியம் முறையாகப் படித்தவள். இந்தக் கோடையில் வீட்டின் முன்னறையில் ஐந்து நாள் முகாம் நடத்தலாம் என்று நினைக்கிறேன். அக்கம்பக்கத்தில் 4 வயது முதல் 14 வயது வரை இருபது பிள்ளைகள் வருவார்கள் போலிருக்கிறது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வைப்பது?

பதில்: இருபது பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். முதல் முகாமுக்குப் பத்துப் பேர் போதும். நம்பகமான உதவியாளர் ஒருவர் முழு நேரமும் உடனிருப்பார் என்றால் பன்னிரண்டு வரை போகலாம். அறையில் எத்தனை நாற்காலிகள் பிடிக்கும் என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. வண்ணத்தைக் கையில் எடுத்த அரை மணி நேரத்துக்குள் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும், ஒன்றின் தாள் கிழிந்திருக்கும், ஒன்று கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று எழுந்து நிற்கும், இன்னொன்று முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கும். இவை எல்லாம் ஒரே நிமிடத்தில்தான் நடக்கும். பத்துப் பேர் என்றால் இரண்டு பெரியவர்கள் இவற்றைக் கவனித்துவிட்டு, ஒரு குழந்தையின் அருகில் நின்று அது என்ன செய்கிறது என்று பார்க்கவும் நேரம் இருக்கும். இருபது பேர் என்றால் ஐந்து நாளும் நீங்கள் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

வயதைப் பொறுத்தவரை, 5 முதல் 7 வரை ஒரு குழு, 8 முதல் 11 வரை ஒரு குழு என்று பிரித்து, ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்களின் தேவை வேறு. அவர்கள் நிழலும் அளவுப் பொருத்தமும் கற்றுக்கொள்ள விரும்புவார்கள். சிறு பிள்ளைகளுடன் சேர்த்தால் அவமானமாக உணர்வார்கள். 4 வயதுக் குழந்தைகளை, பெற்றோர் ஒருவர் உடன் இருந்தாலன்றி, முதல் ஆண்டில் தவிர்த்துவிடுவதே நல்லது.

சிறியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், பெரியவர்களுக்கு இடைவேளையோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் சரியாக இருக்கும். எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருக்க வைக்காமல், முதலில் வருகிற குழந்தை உடனே கையில் எடுக்க ஏதாவது ஒன்று மேசைமேல் தயாராக இருக்கட்டும். ஒரு பெரிய தாளும் சில கிரேயான்களுமே போதும். விளக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கடைசிப் பதினைந்து நிமிடங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இதைத் திட்டத்தில் எழுதாதவர்களின் முகாம், வாசலில் பெற்றோர் காத்திருக்க, ஈரத்தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதில்தான் தினமும் முடிகிறது.

கேள்வி: ஐந்து நாட்களுக்கு என்னென்ன செய்ய வைப்பது? தேடிப் பார்த்தால் நாளுக்கு மூன்று கைவேலைகள் என்று நீண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பின்பற்றலாமா?

பதில்: அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை பெரியவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகவே எழுதப்பட்டவை. காகிதக் கோப்பையில் இரண்டு கண்களை ஒட்டி, முன்பே வெட்டி வைத்த இறக்கைகளைப் பொருத்தினால் ஆந்தை ஆகிவிடும். பன்னிரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டு ஆந்தைகளோடு வீட்டுக்குப் போவார்கள். பெயர் எழுதாவிட்டால் எது யாருடையது என்று செய்தவர்களுக்கே தெரியாது. அங்கே ஒட்டும் வேலை மட்டுமே குழந்தையுடையது. முடிவெடுத்த வேலை முழுவதும் உங்களுடையது. எனவே பொருள்களைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் செலவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். முதல் நாள் செய்தது மூன்றாம் நாள் மீண்டும் கைக்கு வரும்படி திட்டமிட்டால் பிள்ளைகளுக்கு முந்தைய நாளின் நினைவு வேலையில் இறங்கும்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. முதல் நாள் கோடு. கரித்துண்டும் கிரேயானும் பெரிய தாளும் கொடுத்து, வேகமான கோடு, தயங்கும் கோடு, தாளை விட்டுக் கையெடுக்காமல் போகும் கோடு என்று முயலச் சொல்லுங்கள். பிறகு எதிரில் இருக்கும் ஒரு பொருளை, அவரவர் காலணியைக்கூட, தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து வரையச் சொல்லுங்கள். தாளைப் பார்க்கக் கூடாது என்ற விதியினால் எல்லோருடைய படமும் கோணலாகத்தான் வரும்; நன்றாக வரையக்கூடிய பிள்ளைக்கும் தயங்குகிற பிள்ளைக்கும் அன்றைக்கு வேறுபாடு தெரியாது என்பது இதிலுள்ள பெரிய நன்மை.

இரண்டாம் நாள் வண்ணம். அன்றைக்குப் படம் எதுவும் வேண்டாம். வண்ணங்களைக் கலந்து, முழுத் தாளையும் ஒரே வண்ணத்தாலோ அதன் சாயல்களாலோ நிரப்ப வேண்டும். எத்தனை விதமான பச்சை கிடைக்கிறது என்று பார்ப்பது மட்டுமே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஒவ்வொருவரும் ஐந்தாறு தாள்களை இப்படி நிரப்பிக் காயவைக்கட்டும்.

மூன்றாம் நாள் அந்தத் தாள்களையே கத்தரிக்கோலால் வெட்டிப் படமாக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மட்டிஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளான பிறகு, நின்றுகொண்டு வரைய முடியாத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் தீட்டிக் கொடுத்த தாள்களைக் கத்தரித்து ஒட்டியே தம் கடைசிக் காலப் படைப்புகளைச் செய்தார். இதைப் பிள்ளைகளிடம் இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். பென்சிலால் வரைந்துகொண்டு அதன்மேல் வெட்டக் கூடாது என்பதை மட்டும் விதியாக வையுங்கள். கத்தரிக்கோல் அசையாமல் தாள் சுழல வேண்டும் என்று ஒருமுறை செய்து காட்டினால் வளைவுகள் தாமாக வந்துவிடும். வெட்டியதும் உடனே ஒட்டிவிடாமல், துண்டுகளைத் தாளின்மேல் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் கொடுங்கள். பசைப் புட்டியை அதுவரை வெளியே எடுக்காமல் வைத்திருப்பதுதான் இதற்குச் சுலபமான வழி.

நான்காம் நாள் களிமண். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது, சேரும் இரு பக்கங்களையும் குச்சியால் கீறி, குழைத்த மண்கூழைத் தடவி அழுத்த வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் காய்ந்தவுடன் காதும் வாலும் தனியே விழும். விரல் பருமனுக்குமேல் தடிமன் இருந்தால் உட்புறம் காய்வதற்குள் வெளிப்புறம் சுருங்கி வெடிக்கும் என்பதால், பெரிய உருவம் செய்ய விரும்புகிறவர்கள் உள்ளே குடைந்துவிட வேண்டும். ஐந்தாம் நாள் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். முடிக்காததை முடிப்பதும், நான்கு நாள் வேலைகளில் எதைப் பிறருக்குக் காட்டலாம் என்று அவரவரே தேர்ந்தெடுப்பதும், அட்டையில் ஒட்டித் தலைப்பு எழுதுவதும் அன்றைய பொழுதுக்குப் போதும்.

நல்ல வெயில் இருக்கும் கோடையில், சயனோடைப் என்னும் நீல அச்சுப்படத்தையும் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு நாள் வைக்கலாம். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. தாவர ஆய்வாளர் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளின் வடிவங்களை இவ்வாறே பதிவு செய்தார். இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின்மேல் இலையையோ இறகையோ வைத்து, சில நிமிடம் வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், ஒளி பட்ட இடம் நீலமாகவும் நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். கரைசலைப் பிள்ளைகள் கையாள வேண்டாம். முன்பே பூசி விற்கப்படும் தாளையே வாங்குங்கள்.

கேள்வி: பொருள்களுக்கு அதிகம் செலவிட முடியாது. எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது? இன்னொன்று, சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்று சொல்லிக் கொடுத்தேன், வந்ததோ பழுப்பு. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

பதில்: தாளில் சிக்கனம் வேண்டாம். எழுத்து அச்சுக்குப் பயன்படும் தாள் பெரும்பாலும் 80 ஜிஎஸ்எம் கொண்டது (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதில் ஈர வண்ணம் பட்டால் சுருண்டுவிடும், இரண்டாம் முறை தேய்த்தால் துளை விழும். அதைப் பார்த்துக் குழந்தை தன் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிடும். கரித்துண்டுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் 120 முதல் 150 ஜிஎஸ்எம் வரையிலான தாள் போதுமானது. போஸ்டர் வண்ணத்தை அடர்த்தியாகப் பூச 200 ஜிஎஸ்எம் அளவில் இருந்தால் நல்லது. 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் விலை கூடுதல் என்பதால், ஆளுக்கு ஒன்றிரண்டு வாங்கிக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அளவு ஏ3க்குக் குறைய வேண்டாம். சிறு தாளில் குழந்தையின் விரல்தான் அசைகிறது. பெரிய தாளில் தோள் அசைகிறது.

சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் வண்ணங்களின் எண்ணிக்கை. இருபத்துநான்கு வண்ணப் பெட்டி கையில் இருந்தால் யாரும் எதையும் கலக்க மாட்டார்கள். பழுப்புக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. பெட்டிகளில் வரும் வழக்கமான சிவப்பு, ஆரஞ்சை நோக்கிச் சாய்ந்தது. அதாவது அதில் மஞ்சளின் சாயல் ஒளிந்திருக்கிறது. அதோடு நீலத்தைச் சேர்க்கும்போது மூன்று அடிப்படை வண்ணங்களும் ஒன்றையொன்று மங்கச் செய்து பழுப்பை நோக்கிப் போகின்றன. ஊதா தெளிவாக வர வேண்டுமானால் மஜென்டாவையும், பச்சைச் சாயல் இல்லாத அல்ட்ராமரைன் நீலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதேபோல் பளிச்சென்ற பச்சைக்கு எலுமிச்சை மஞ்சளும், பச்சையை நோக்கிச் சாய்ந்த நீலமும் வேண்டும். ஆகவே மஞ்சளில் இரண்டு, சிவப்பில் இரண்டு (ஒன்று மஜென்டா), நீலத்தில் இரண்டு, இவற்றோடு பெரிய புட்டி வெள்ளை என்று வாங்கினால் முகாம் முழுவதற்கும் வேறெதுவும் தேவைப்படாது. கறுப்பை மூன்றாம் நாள்வரை வெளியே எடுக்காதீர்கள். அது வந்துவிட்டால் பிள்ளைகள் எல்லா வண்ணத்தையும் அதைக்கொண்டே அடர்த்தியாக்கத் தொடங்கிவிடுவார்கள். கலக்கும்போது வெளிர் வண்ணத்தில் அடர் வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாற்றிச் செய்தால் ஒரு புட்டி மஞ்சள் தீர்ந்த பிறகும் நீலம் நீலமாகவே இருக்கும்.

உங்களுடைய பழுப்பு வீணாகவில்லை. அந்தச் சிரிப்போடு, ஏன் இப்படி வந்தது என்று பிள்ளைகளையே கேட்டு, இரண்டு சிவப்புகளையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தால் அன்றைய பாடம் அதுவாகவே இருந்திருக்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு எந்தப் பொருள்களைக் கொடுக்கவே கூடாது? நச்சுத்தன்மை அற்றது என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: எழுதியிருப்பது எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் ஓவியப் பொருள்களில் ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற குறி இருக்கும். நீண்டகாலத் தீங்கு ஏதேனும் இருந்தால் அது முறைப்படி லேபிளில் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். தீங்கே இல்லை என்பதல்ல. அந்தக் குறியுள்ள புட்டியிலேயே எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கலாம், அதைப் படியுங்கள். ஏபி என்ற முத்திரை இருந்தால், தீங்கு விளைவிக்கும் அளவில் நச்சு இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்யப்பட்டது என்று கொள்ளலாம். ஐரோப்பாவில் இஎன் 71 என்பது விளையாட்டுப் பொருள்களுக்கான பாதுகாப்புத் தரம். குறி எதுவும் இல்லாத, லேபிள் பெயர்ந்த, பொடியாக விற்கப்படும் வண்ணங்களைத் தவிர்த்துவிடுங்கள். பொடி காற்றில் எழுந்து மூச்சோடு உள்ளே போகும்.

டர்பன்டைன், தின்னர், எண்ணெய் வண்ணம், ஸ்ப்ரே வகைகள், காரமான வாசனையுள்ள மார்க்கர் ஆகியவை சிறு பிள்ளைகளின் அறைக்குள் வரவே வேண்டாம். அக்ரிலிக் வண்ணம் தண்ணீரில் கரைவதுபோல் தோன்றினாலும் காய்ந்தபின் பிளாஸ்டிக் படலமாகிவிடும், துணியிலிருந்து போகாது. சிறியவர்களுக்குத் துவைத்தால் போகும் போஸ்டர் வண்ணமே உகந்தது.

உள்ளங்கையைப் பதித்து அச்சு எடுக்கலாம் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்குகிறவர்களை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அது இறுகும்போது சூடாகும், அளவு கூடக் கூட வெப்பமும் கூடும், இறுகியபின் கையை வெளியே எடுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 2007இல் பள்ளி மாணவி ஒருவர் பிளாஸ்டர் நிரம்பிய வாளியில் கைகளை வைத்துக் கடுமையாக வெந்து, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். கை அச்சுக்குக் களிமண்ணே போதும். களிமண் வேலை முடிந்ததும் உலர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதன் தூசியில் நுரையீரலுக்குத் தீங்கான சிலிக்கா இருப்பதால் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். கை கழுவிய மண்நீரை வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கொட்டுங்கள். இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வெட்டும் கத்தியை நீங்கள் மட்டும் பயன்படுத்துங்கள். கத்தரிக்கோல் வாங்கும்போது இடக்கைக்கானதிலும் ஒன்றிரண்டு சேர்த்து வாங்குங்கள். வழக்கமான கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், வெட்டும் கோட்டை மேல் அலகு மறைத்துவிடும். அலகுகளும் விலகித் தாளை மடக்கும். அந்தக் குழந்தையைக் கைத்திறன் இல்லாதது என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் முகாமுக்கு வரும் 6 வயதுச் சிறுமி, வானத்தைத் தாளின் மேல்விளிம்பில் ஒரு நீலப் பட்டையாகவும், தரையைக் கீழே ஒரு பச்சைப் பட்டையாகவும் தீட்டுகிறாள். நடுவில் வெள்ளையாகவே விட்டுவிடுகிறாள். வானம் கீழே வரை வரும் என்று சொல்லித் திருத்தலாமா?

பதில்: திருத்த வேண்டாம். அவள் தவறு எதுவும் செய்யவில்லை. தலைக்கு மேலே வானம், காலுக்குக் கீழே தரை, இடையில் இருப்பது வெறும் காற்று. அவளுடைய கணக்கில் இது முழுக்கச் சரி. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவியம் வயதோடு எப்படி மாறுகிறது என்பதை 1947இல் விரிவாக எழுதினார். ஏறத்தாழ 2 முதல் 4 வயது வரை கிறுக்கல், 4 முதல் 7 வரை முதல் உருவங்கள், 7 முதல் 9 வரை தமக்கென நிலைத்துவிட்ட வடிவங்கள், அதன்பின் கண்ணுக்குத் தெரிவதைப்போலவே வரைய வேண்டும் என்ற ஆவல் என்று அவர் பிரித்திருந்தார். கீழ்விளிம்பில் தரைக்கோடு தோன்றுவது இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போகும் அடையாளம். முன்பு தாளெங்கும் மிதந்துகொண்டிருந்த வீடும் மரமும் மனிதரும் இப்போது ஒரே கோட்டின்மேல் நிற்கத் தொடங்கியிருப்பார்கள். அது அவள் தானாகவே எட்டிய முன்னேற்றம்.

அந்தக் கோடு வந்த சில காலத்தில் வேறு விநோதங்களும் வரும். வீட்டின் சுவர் இருக்கும்போதே உள்ளேயிருக்கும் கட்டிலும் தெரியும். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பார். மேசையின் நான்கு கால்களும் நான்கு பக்கமும் விரிந்து கிடக்கும். இவை எல்லாம் தனக்குத் தெரிந்ததையும் தனக்கு முக்கியமானதையும் வரைகிற வயதின் வழிகள். அவளை வெளியே அழைத்துப் போய்த் தொடுவானத்தைக் காட்டினாலும், பார்த்து வியந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பட்டையாகவே தீட்டுவாள். சில ஆண்டுகளில் யாரும் சொல்லாமலே வானம் கீழே இறங்கிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது, படத்தைப் பற்றி அவளைப் பேச வைப்பது. இது என்ன என்று கேட்காதீர்கள். தெரியவில்லையா என்ற வருத்தம் வரும். இந்தப் பக்கம் நிற்பது யார், இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் கதை வரும், கதை வந்தால் பெரும்பாலும் படத்தில் இன்னும் நான்கு பேர் சேர்வார்கள்.

இதற்காக எதையுமே சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று பொருள் கொள்ள வேண்டாம். தூரிகையை எங்கே பிடிப்பது, எவ்வளவு தண்ணீர், வண்ணம் மாற்றுமுன் எப்படித் துடைப்பது, கரியை எப்படித் தேய்த்துப் பரப்புவது ஆகியவை தாமாக வரும் என்று காத்திருப்பது வீண். அவற்றை உங்களுக்கென்று ஒரு தனித் தாள் வைத்துக்கொண்டு அதில் செய்து காட்டுங்கள். பொருளைக் கையாளும் முறை உங்களுடைய பொறுப்பு. படத்தில் என்ன எங்கே இருக்க வேண்டும் என்பது அவளுடையது. உங்கள் பென்சில் அவளுடைய தாளில் படவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கேள்வி: 10 வயதுப் பையன் ஒருவன் எனக்கு வரையவே வராது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குதிரை வரைந்து கொடுத்தால் வண்ணம் தீட்டுகிறேன் என்கிறான். வரைந்து கொடுக்கலாமா?

பதில்: ஒருமுறை வரைந்து கொடுத்தால் மறுநாள் யானையும் வரைந்து கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வயதில் அவன் மனத்தில் இருக்கும் குதிரைக்கும் கையில் வரும் குதிரைக்கும் இடையிலுள்ள தூரம் அவனுக்கே தெரிகிறது. ஆறு வயதில் அது தெரியாததால்தான் அப்போது தயங்காமல் வரைந்தான். நன்றாகத்தான் வரைகிறாய் என்று ஆறுதல் சொன்னால் அவன் நம்ப மாட்டான்.

குதிரையின் படம் ஒன்றை எதிரில் வைத்து, முழுக் குதிரையையும் விட்டுவிட்டு, கழுத்தும் முதுகும் சேரும் அந்த ஒரு வளைவை மட்டும் பார்த்து நான்கைந்து முறை வரையச் சொல்லுங்கள். அடுத்து முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடம் என்ன வடிவம் என்று கேட்டு அதை மட்டும் வரையச் சொல்லுங்கள். வெற்றிடத்துக்குப் பெயர் கிடையாது என்பதால் அதை எப்படி வரைவது என்ற முன்முடிவும் அவனிடம் இருக்காது. பார்த்ததைத்தான் வரைய முடியும். அப்படியும் பிடிவாதம் தொடர்ந்தால் பென்சிலை எடுத்துவிட்டுக் கத்தரிக்கோலையோ களிமண்ணையோ கொடுங்கள். கோட்டுக்கு அஞ்சுகிற பல பிள்ளைகள் மண்ணுக்கு அஞ்சுவதில்லை.

கேள்வி: கடைசி நாளில் போட்டி வைத்து முதல் மூன்று பேருக்குப் பரிசு தரலாம் என்று இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் அல்லவா?

பதில்: பரிசு பெறும் மூன்று பேருக்கும்கூட அது ஊக்கமாக இருக்காது என்பதற்கு நல்ல சான்று உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு இதையே பார்த்தது. ஏற்கெனவே வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்ற விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

போட்டியை விட்டுவிட்டு எல்லோருடைய வேலையையும் காட்சிக்கு வையுங்கள். ஆளுக்கு ஒரு படம், அதுவும் அவரவர் தேர்ந்தெடுத்தது. பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். படத்தைப் பற்றி அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தை மாற்றாமல் எழுதிக் கீழே ஒட்டினால், பார்க்க வருகிறவர்கள் நின்று படிப்பார்கள். சான்றிதழ் தந்தே ஆக வேண்டுமென்றால், எல்லோருக்கும் ஒன்றாக, முன்கூட்டி அறிவிக்காமல் கொடுங்கள்.

கேள்வி: கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது? போன ஆண்டு எல்லா இடமும் நிரம்பும் என்று கணக்குப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

பதில்: செலவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இட வாடகை, உதவியாளர் ஊதியம், மேசை விரிப்பு, கத்தரிக்கோல் போன்றவை எத்தனை பிள்ளைகள் வந்தாலும் மாறாதவை. தாள், வண்ணம், களிமண் ஆகியவை தலைக்கு ஏறுபவை. மாறாத செலவை, இருக்கும் இடங்களால் வகுக்காமல், கட்டாயம் வருவார்கள் என்று நீங்கள் நம்பும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 12 இடம் இருந்தால் 8ஆல் வகுத்து, அதோடு தலைக்கு ஆகும் பொருள் செலவைக் கூட்டி, வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுடைய ஊதியத்தையும் மாறாத செலவில் எழுதுங்கள். அதில் முகாம் நடக்கும் நேரத்தோடு, தயாரிப்புக்கும் துப்புரவுக்கும் ஆகும் நேரமும் சேர வேண்டும். ஒன்பதாவது பிள்ளையிலிருந்து வருவதே உண்மையான மிச்சம். அதில் ஓரிடத்தைக் கட்டணம் கட்ட இயலாத ஒரு பிள்ளைக்கு ஒதுக்கினாலும் உங்களுக்குக் கட்டுப்படியாகும். எந்த நாளுக்குப் பிறகு விலகினால் பணம் திருப்பித் தரப்படாது என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பெற்றோர்கள் அறைக்குள்ளேயே இருந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். அனுமதிக்கலாமா? சேர்க்கைப் படிவத்தில் வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: பெற்றோர் பக்கத்தில் இருந்தால் குழந்தை ஒவ்வொரு கோட்டுக்கும் அவர்களின் முகத்தைப் பார்க்கும். ஆனால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கவலை படத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை, பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கலாம். எனவே கதவு திறந்தே இருக்கட்டும், முன்னறிவிப்பின்றி யாரும் எட்டிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள், எந்த நேரத்திலும் ஒரு பெரியவர் ஒரு குழந்தையுடன் தனித்திருக்கும் நிலை வராதபடி இருவராக இருங்கள். வேலை நேரத்தில் உட்கார இடம் இல்லை, கடைசிக் கால் மணி நேரம் எல்லோரும் உள்ளே வரலாம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் ஏற்பாடு.

படிவத்தில் ஒவ்வாமை, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், குழந்தையை அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர்களின் பெயர் ஆகியவை கட்டாயம். புகைப்படம் எடுக்கவும் வெளியிடவும் சம்மதமா என்பதைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். எடுக்கச் சம்மதிப்பவர் வெளியிடச் சம்மதிக்காமல் இருக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு முகாமுக்கும் தூரிகைகள் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. முடி கொட்டிவிடுகிறது. தரமானதை வாங்கினால் உழைக்குமா?

பதில்: தரத்தைவிட, தண்ணீர்க் குவளையில் அவற்றைத் தலைகீழாக நிற்கவிடுவதுதான் காரணம். முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குப்பிக்குள் நீர் ஏறிப் பசை இளகிவிடுகிறது, கைப்பிடி மரமும் ஊறி வண்ணப்பூச்சு உரிகிறது. பயன்படுத்தாத நேரத்தில் படுக்க வைப்பதற்கு மடித்த துணி ஒன்றை ஒவ்வொரு மேசையிலும் போடுங்கள். முடிந்ததும் சோப்பு நீரில் கழுவி, விரலால் முனையைச் சேர்த்து, படுக்கை வாக்கில் காயவைத்த பிறகே முடி மேலே இருக்கும்படி குவளையில் நிறுத்துங்கள்.